பெல்ஜியக் கைத்துப்பாக்கிகளின் முத்திரைகளும் காலக்கணிப்பும்

பழைய பெல்ஜியக் கைத்துப்பாக்கி ஒன்றின் இரும்பில் காணப்படும் முத்திரைகள் ஒரே ஆள் குத்தியவை அல்ல. குழலைச் சோதித்துப் பார்த்த அரசுச் சோதனைச் சாலை, சோதனையைச் சரிபார்த்த கண்காணிப்பாளர், துப்பாக்கியைச் செய்து முடித்த பட்டறை, அதை வாங்கி விற்ற கடை என நான்கு தரப்பும் தத்தம் அடையாளத்தைப் பதித்திருக்கக்கூடும். எந்த முத்திரை யாருடையது என்று பிரித்தறிவதே முதல் வேலை. அதன் பிறகுதான் காலத்தைக் கணிக்க முடியும். பெல்ஜியத் துப்பாக்கிகளில் தயாரிப்பாளர் பெயர் இல்லாமல் போவதும், இருக்கும் பெயரே தவறான வழி காட்டுவதும் உண்டு. சோதனை முத்திரையோ சட்டத்தின் கட்டாயத்தால் குத்தப்பட்டது. அது மாறிய ஆண்டுகளும் பதிவாகியுள்ளன. ஆகவே பெல்ஜியத் துப்பாக்கியின் வயதைச் சொல்லும் முதல் சாட்சி சோதனை முத்திரை. பெயருக்கு இடம் அதற்கு அடுத்துத்தான்.

தமிழ்நாட்டு வரலாற்றிலும் ஒரு பெல்ஜியக் கைத்துப்பாக்கிக்கு இடமுண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கியால். முத்திரைகளைப் படிக்கும் முறைக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் மண்ணில் இல்லை. அதற்கு முன், அந்த முத்திரைகள் பிறந்த ஊரையும் அவை வளர்ந்த வரிசையையும் பார்க்க வேண்டும்.

லியேஜ்: ஒரு நகரமே பட்டறை

பெல்ஜியத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் லியேஜ் துப்பாக்கிதான். மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள இந்த நகரைச் சுற்றி நிலக்கரியும் இரும்பும் கிடைத்தன. உலைத்துருத்தியை இயக்க ஆற்று நீர் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியப் படைகள் பலவற்றுக்கு லியேஜ் ஆயுதம் விற்றது. பெல்ஜியம் என்ற நாடு 1830-இல்தான் உருவானது. அதற்கு முன் லியேஜ் ஓர் ஆயர்-இளவரசரின் ஆட்சியில் இருந்தது. 1795-இல் பிரான்சோடு இணைக்கப்பட்டது. நெப்போலியன் வீழ்ந்ததும் நெதர்லாந்து அரசின் கீழ் வந்தது. எனவே 1780-இல் செய்த லியேஜ் கைத்துப்பாக்கியைப் பெல்ஜியத் துப்பாக்கி என்று அழைப்பது வழக்கத்தால் வந்த பெயரே. நகரம் ஒன்றுதான், அதை ஆண்டவர்கள் மாறினார்கள். ஆட்சி மாற்றத்தின் சுவடு முத்திரைகளிலும் தெரியும்.

தொழில் நடந்த விதமும் முக்கியம். லியேஜில் ஒரே கூரையின் கீழ் முழுத் துப்பாக்கி உருவாகவில்லை. வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்களில் குழல் அடித்தார்கள். வேறு ஊர்களில் விசைப்பூட்டு செய்தார்கள். கைப்பிடிக்கான மரத்தை இன்னொரு வீட்டில் செதுக்கினார்கள். பூவேலை செதுக்குவோர் தனி. இவற்றையெல்லாம் வாங்கிச் சேர்த்து, பெயர் குத்தி விற்றவரே தயாரிப்பாளர் எனப்பட்டார். திண்டுக்கல் பூட்டுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சுற்றுப்புறக் கிராமங்களில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் கொல்லர் கையால் செய்த பூட்டு, நகரத்துக் கடையின் பெயரோடு விற்பனைக்கு வருவதை இந்த வட்டாரம் பல தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. மாங்காய்ப் பூட்டில் குத்திய பெயர் அதை அடித்த கையின் பெயராக இருக்க வேண்டியதில்லை. லியேஜ் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். ஒரே துப்பாக்கியின் குழலிலும் சட்டத்திலும் வெவ்வேறு சிற்றெழுத்துகள் காணப்படுவதற்கு இந்த வீட்டுத் தொழில்முறையே காரணம். அவை தனித்தனிக் கைவினைஞர்களின் அடையாளங்கள்.

சோதனை ஏன், எப்படி?

குழல் வெடித்தால் சுடுபவரின் கை போகும், கண் போகும். அதைத் தடுக்க, வழக்கமான அளவைவிடக் கூடுதல் மருந்து கெட்டித்து, ஆள் தள்ளி நின்று சுட்டுப் பார்ப்பதே சோதனை. தாங்கிய குழலுக்கு முத்திரை. தாங்காத குழல் உலைக்கே திரும்பும். லியேஜில் இதற்கான ஆணை 1672-இல் ஆயர்-இளவரசர் மாக்சிமிலியன் ஹென்றி காலத்தில் பிறந்தது. அந்தக் கால முத்திரை ‘பெரோன்’ எனப்படும் தூண். படிக்கட்டின் மேல் நிற்கும் கல்தூணும் அதன் உச்சியில் ஒரு சிலுவையும் கொண்ட இது லியேஜ் நகரின் உரிமைச் சின்னம். நம் கோயில் வாசலில் நிற்கும் விளக்குத்தூணைச் சிறிதாக்கிக் குழலில் குத்தியது போல இருக்கும்.

வேறு சோதனை முத்திரை எதுவும் இல்லாமல் பெரோன் மட்டும் இருந்து, விசையும் சக்கிமுக்கிக் கல் வகையாக இருந்தால், அந்தக் கைத்துப்பாக்கி பெரும்பாலும் 1810-க்கு முந்தையது. பெரோன் மட்டும் போதும் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதே தூண் 1853-க்குப் பிறகு சிறிய வடிவில், வேறு வேலைக்காகத் திரும்பி வந்தது.

நீள்வட்டமும் மூன்று எழுத்துகளும்

1810 டிசம்பரில் நெப்போலியன் பிறப்பித்த ஆணை, பிரெஞ்சுப் பேரரசு முழுவதற்குமான சோதனை விதிகளை வகுத்தது. அதையொட்டி லியேஜ் சோதனைச் சாலை ஏற்ற முத்திரையே இன்று பெல்ஜியத் துப்பாக்கியின் அடையாளமாக உலகம் முழுதும் அறியப்படுகிறது: நீள்வட்டத்துக்குள் மேலே ‘இ’, அதன் கீழே ‘எல்ஜி’ என்ற ரோமன் எழுத்துகள், அடியில் ஒரு நட்சத்திரம். ‘லியேஜ் சோதனை’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் சுருக்கம் அது. பேரரசு போய், டச்சு ஆட்சி போய், பெல்ஜியம் பிறந்த பின்னும் இந்த நீள்வட்டம் நிலைத்தது.

1810-க்கும் 1893-க்கும் இடையில் நீள்வட்டத்தின் தலையில் கிரீடம் இல்லை. 1893 ஜூலையில் கிரீடம் சேர்க்கப்பட்டது. ஆக, பெல்ஜியக் கைத்துப்பாக்கியைக் கையில் எடுத்தவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நீள்வட்டத்தின் மேல் கிரீடம் உண்டா? இல்லையென்றால் 1893-க்கு முன். உண்டென்றால் அதற்குப் பின். சுழல்துப்பாக்கியில் இந்த முத்திரையைப் பெரும்பாலும் தோட்டா உருளையின் பின்முகத்திலோ பக்கத்திலோ காணலாம். மருந்து கெட்டித்துச் சுடும் கைத்துப்பாக்கியில் அது குழலின் அடிப்பகுதியை ஒட்டி, பக்கவாட்டில் இருக்கும். முத்திரை மிகச் சிறியது. துருவாலும் தேய்மானத்தாலும் கிரீடம் மட்டும் அழிந்து, நீள்வட்டம் தங்கியிருப்பதும் உண்டு. நீள்வட்டத்துக்கு மேலே உள்ள இரும்பு தேய்ந்து பளபளத்தால், கிரீடம் இல்லை என்று உறுதியாகச் சொல்லக் கூடாது.

கண்காணிப்பாளரின் எழுத்து

எண்பத்து மூன்று ஆண்டுகள் என்பது பெரிய இடைவெளி. அதைச் சுருக்கித் தருவது கண்காணிப்பாளரின் முத்திரை. 1853 முதல் இரண்டு அடையாளங்கள் சேர்ந்தன. ஒன்று, சிறிய பெரோன் தூண். துப்பாக்கியின் பாகங்கள் பார்வையிடப்பட்டன என்பதற்கான சான்று அது. மற்றொன்று, சோதனையை மேற்பார்த்த கண்காணிப்பாளரின் எழுத்து. 1853 முதல் 1877 வரை அந்த எழுத்தின் மேல் கிரீடம் இருந்தது. 1877 முதல் கிரீடத்தின் இடத்தில் நட்சத்திரம் வந்தது.

இங்கே புதியவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். கிரீடம் என்றதும் 1893-ஐ நினைக்கிறார்கள். நீள்வட்டத்தின் மேலுள்ள கிரீடம் 1893-க்குப் பிந்தையது. தனி எழுத்தின் மேலுள்ள கிரீடமோ 1877-க்கு முந்தையது. எதன் மேல் கிரீடம் இருக்கிறது என்று பாராமல் காலம் சொன்னால் கணக்கு ஒரு தலைமுறை தவறிவிடும். ஒவ்வோர் எழுத்தும் குறிப்பிட்ட கண்காணிப்பாளருக்கு உரியது என்பதால், அவர் பணியாற்றிய காலம் தெரிந்தால் இடைவெளியை இன்னும் குறுக்கலாம்.

புகையில்லா மருந்தின் காலம்

1880-களில் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து உருவானதும் பழைய சோதனை முறை போதாமல் போனது. கரிமருந்தைவிடப் புது மருந்து தரும் அழுத்தம் மிக அதிகம். சுருள் வரி வெட்டிய குழலுக்கும் மழமழப்பான குழலுக்கும் உள்ள வேறுபாட்டையும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1894 முதல், வரி வெட்டிய குழலுக்குக் கிரீடம் சூட்டிய ‘ஆர்’ எழுத்து குத்தப்பட்டது. 1890-களின் இறுதியில், புகையில்லா மருந்தால் சோதித்த துப்பாக்கிக்கு, நின்ற நிலையில் ஒரு சிங்கமும் அதன் கீழ் ‘பிவி’ என்ற எழுத்துகளும் வந்தன. வீரியமுள்ள மருந்து என்று பொருள்தரும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இருபதாம் நூற்றாண்டின் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் இந்தச் சிங்கம் அநேகமாகத் தவறாமல் இருக்கும். 1922-இல் ஆண்டுக் குறியீடு தொடங்கியது. அந்த ஆண்டுக்குச் சிறிய ‘ஏ’, அடுத்த ஆண்டுக்கு ‘பி’ என்று எழுத்துகள் வரிசையாக நகர்ந்தன. இந்தக் குறியீடு உள்ள துப்பாக்கியில் சோதனை நடந்த ஆண்டையே நேராகப் படித்துவிடலாம்.

ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் படித்தல்

ஒரு முத்திரை மட்டும் ஒரு காலப் பட்டையைத்தான் தரும். பல பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், எல்லாம் சேரும் இடமே துப்பாக்கியின் காலம். சில எடுத்துக்காட்டுகள் இதைத் தெளிவாக்கும்.

கிரீடம் இல்லாத நீள்வட்டம், கிரீடம் வைத்த எழுத்து, சிறிய பெரோன் ஆகிய மூன்றும் ஒரு சுழல்துப்பாக்கியில் இருந்தால் அது 1853 முதல் 1877 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. அந்தத் துப்பாக்கி பக்கவாட்டு ஊசியால் வெடிக்கும் லெஃபோஷே வகைத் தோட்டா போடுவது என்றால் கீழ் எல்லை இன்னும் சற்றே நகரும். யூஜீன் லெஃபோஷே தன் சுழல்துப்பாக்கிக்கு உரிமம் பெற்றது 1854-இல். கிரீடம் இல்லாத நீள்வட்டத்தோடு நட்சத்திரம் வைத்த எழுத்து இருந்தால் 1877 முதல் 1893 வரை. கிரீடம் வைத்த நீள்வட்டம், நட்சத்திர எழுத்து, கிரீடம் வைத்த ‘ஆர்’ ஆகியவை இருந்து, ஆண்டு எழுத்து இல்லையென்றால் 1894-க்கும் 1922-க்கும் இடைப்பட்டது. சிங்கமும் சேர்ந்திருந்தால் அதன் தொடக்கம் 1890-களின் இறுதிக்கு நகரும்.

இரு தரப்பு முத்திரைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் துப்பாக்கி மாற்றி அமைக்கப்பட்டிருக்கலாம். சக்கிமுக்கிக் கல் விசையைக் கழற்றிவிட்டுக் கேப்பு வைக்கும் விசை பொருத்துவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவலாக நடந்த வேலை. அத்தகைய துப்பாக்கியில் குழலுக்கு ஒரு வயது, விசைக்கு வேறு வயது. ஒன்றை மட்டும் பார்த்து மற்றதன் காலத்தையும் சொல்வது பெரிய பிழை.

விசை சொல்லும் காலம்

முத்திரை தேய்ந்துபோன துப்பாக்கியில் இயங்குமுறை கைகொடுக்கும். சக்கிமுக்கிக் கல் விசை பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் நின்றது. கேப்பு முறை 1820, 30-களில் அதன் இடத்தைப் பிடித்தது. 1837-இல் லியேஜின் மாரியெட் உரிமம் பெற்ற, பல குழல்கள் கொத்தாக நிற்கும் கைத்துப்பாக்கி அந்தக் காலத்துக்கே உரிய வடிவம்; அதன் விசை ஒரு வளையம். ஊசித் தோட்டா 1850-கள் முதல் பரவியது. நடுவில் வெடிக்கும் தோட்டா 1870-களில் அதை ஓரங்கட்டியது. 1872-இல் இங்கிலாந்தின் வெப்லி நிறுவனம் ‘புல்டாக்’ என்ற குட்டைச் சுழல்துப்பாக்கியைக் கொண்டுவந்ததும் லியேஜ் பட்டறைகள் அதைப் படியெடுத்து ஏராளமாக விற்றன. மிதிவண்டிக்காரர்கள் நாய்களை விரட்டுவதற்கென்று 1890-களில் வந்த ‘வெலோ-டாக்’ வகைக்கும் லியேஜ் பெரிய சந்தையைக் கண்டது. தானியங்கி வந்தது நூற்றாண்டின் திருப்பத்தில்.

இயங்குமுறை கீழ் எல்லையைத்தான் உறுதியாகச் சொல்லும். ஒரு வடிவம் பிறந்த ஆண்டுக்கு முன் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் வழக்கொழிந்த வடிவத்தை மலிவு விலைச் சந்தைக்காகப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்திருக்க முடியும். நம் ஊர்களில் மருந்து கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகளுக்கு இன்றும் பயிர்க்காவல் உரிமம் இருப்பதே இதற்குச் சான்று.

தயாரிப்பாளர் முத்திரைகள்

சோதனை முத்திரைகளால் காலம் வரையறுக்கப்பட்ட பின் தயாரிப்பாளரை அடையாளம் காண வேண்டும். பெரிய பட்டறைகள் பெயரை எழுதின. சில சின்னம் வைத்தன. அகஸ்த் ஃபிராங்கோட் நிறுவனம் தன் முதலெழுத்துகள் இரண்டின் மேல் கிரீடம் வைத்தது. இதைச் சோதனைச் சாலைக் கிரீடமாக எடுத்துக்கொள்வோர் உண்டு; எழுத்து இரண்டு என்பதைக் கவனித்தால் குழப்பம் தீரும். பீப்பர் நிறுவனத்தின் சின்னம் ‘பேயார்’ என்ற பெயரும் குதிரைமேல் அமர்ந்த வீரனும். ஹென்றி பீப்பரின் நிறுவனம் 1905-இல் ‘முன்னாள் பீப்பர் நிறுவனங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரில் மறுஅமைப்புப் பெற்றது. அந்தப் பெயர் உள்ள கைத்துப்பாக்கி அதற்குப் பிந்தையது என்று தயங்காமல் சொல்லலாம். நிறுவனத்தின் பெயர் மாறிய ஆண்டு, முத்திரைக்கு நிகரான காலச்சான்று.

எமில், லெயோன் நகான் சகோதரர்களின் 1895-ஆம் ஆண்டு ஏழுசுற்றுச் சுழல்துப்பாக்கி இன்னொரு பாடம் தருகிறது. ரஷ்யப் படைக்காக முதலில் லியேஜில் செய்யப்பட்ட இது, 1898 முதல் துலா ஆயுதச் சாலையில் செய்யப்பட்டது. உருவம் ஒன்று, எங்கே பிறந்தது என்பதை முத்திரை மட்டுமே பிரித்துக் காட்டும். வடிவமைத்தவர், செய்தவர், விற்றவர் என்ற மூவரையும் கலக்காமல் வைத்திருப்பது இந்த ஆய்வின் அடிப்படை ஒழுக்கம்.

வழிதவறச் செய்யும் எழுத்துகள்

லியேஜ் வணிகர்கள் வாங்குபவர் கேட்ட பெயரைப் பொறித்தார்கள். ஆங்கிலப் பெயர் விலைபோகும் சந்தைக்கு ஆங்கிலப் பெயர் சென்றது. புகழ்பெற்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளரின் பெயருக்கு ஒலியில் நெருங்கிய பெயர்கள் அமெரிக்கச் சந்தைக்கான துப்பாக்கிகளில் மலிந்தன. அத்தகைய பெயரைத் தாங்கிய துப்பாக்கியின் குழலைக் கழற்றிப் பார்த்தால் அடியில் நீள்வட்டம் இருக்கும். பெயர் பொய் சொல்லும்போதும் நீள்வட்டம் உண்மையைச் சொல்லும்.

விற்பனைக் கடையின் பெயரும் இவ்வகையே. சென்னையில் கடிகாரத்துக்கும் வெள்ளிப் பொருளுக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. கல்கத்தாவில் மான்டன், ராடா ஆகிய கடைகள் இருந்தன. குழலில் ‘மதராஸ்’ என்றோ ‘கல்கத்தா’ என்றோ இருந்தால் அது விற்ற ஊர் என்றே முதலில் கொள்ள வேண்டும். செய்த ஊரைச் சோதனை முத்திரையில் தேட வேண்டும்.

‘பிரெவ்தே’ என்ற சொல் உரிமம் பெற்றது என்று மட்டும் சொல்கிறது. செய்தவர் யார் என்று சொல்வதில்லை. அதனுடன் வரும் ‘எஸ்.ஜி.டி.ஜி.’ என்ற நான்கு எழுத்துகள், உரிமத்துக்கு அரசு பொறுப்பேற்கவில்லை என்ற பிரெஞ்சு வாசகத்தின் சுருக்கம். 1844-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு உரிமச் சட்டத்தில் வேர்கொண்டது அது. இந்த எழுத்துகள் இருப்பதால் துப்பாக்கி பிரான்சில் செய்யப்பட்டது என்று ஆகாது. நாட்டின் பெயரும் ஒரு குறிப்புத் தரும். பிரிட்டனின் 1887 வணிகக்குறிச் சட்டம், இந்தியாவின் 1889 வணிகக்குறிச் சட்டம், அமெரிக்காவின் 1890 தீர்வைச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகே செய்த நாட்டின் பெயரைப் பொருளில் பொறிப்பது பரவலானது. ‘பெல்ஜியம்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த கைத்துப்பாக்கி பெரும்பாலும் அந்த ஆண்டுகளுக்குப் பிந்தையது.

ஸ்பெயினின் ஐபார் பகுதிப் பட்டறைகள் லியேஜ் முத்திரை போலவே தோன்றும் குறிகளைக் குத்தியதும் உண்டு. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தால் வேறுபாடு தெரியும். நீள்வட்டத்தின் உருவம் மட்டும் போதாது. உள்ளே இருப்பதையும் படித்தாக வேண்டும்.

எஃப்.என். நிறுவனமும் பிரௌனிங் பெயரும்

லியேஜை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் 1889-இல் தொடங்கப்பட்ட ஃபாப்ரிக் நாசியோனால், சுருக்கமாக எஃப்.என்., வீட்டுப் பட்டறை மரபிலிருந்து விலகிய பெரிய ஆலை. பெல்ஜியப் படைக்கு 1,50,000 மவுசர் துப்பாக்கிகள் செய்து தருவதற்காக லியேஜ் ஆயுதத் தொழிலதிபர்கள் கூடி அமைத்தது அது. 1897-இல் அமெரிக்கரான ஜான் பிரௌனிங்குடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவர் வடிவமைத்த 7.65 மி.மீ. தானியங்கி, 1900-ஆம் ஆண்டு மாதிரி என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. 1904-இல் ஒரு லட்சமாவது துப்பாக்கி வெளிவந்தது. உற்பத்தி நின்றபோது எண்ணிக்கை ஏழு லட்சத்தைத் தொட்டிருந்தது. 9 மி.மீ. நீள்தோட்டா போடும் 1903 மாதிரியும், சட்டைப் பையில் அடங்கும் 6.35 மி.மீ. 1906 மாதிரியும் தொடர்ந்தன.

எஃப்.என். துப்பாக்கிகளில் காலம் சொல்லும் இன்னொரு சாட்சி வரிசை எண். வரலாற்றில் இடம்பெற்ற துப்பாக்கிகளின் எண்கள் அளவுகோலாகப் பயன்படுகின்றன. 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இட்டோவைக் கொரியரான ஆன் ஜங்-கியுன் சுட்டது 1900 மாதிரியால். அதன் எண் 262336. ஆகவே அதைவிடச் சிறிய எண் கொண்ட 1900 மாதிரி அந்த நிகழ்வுக்கு முன்பே ஆலையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். 1914-இல் சாராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுடப் பயன்பட்ட 1910 மாதிரியின் எண் 19074. ஒவ்வொரு மாதிரிக்கும் எண் வரிசை வேறு என்பதால் ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிடக் கூடாது.

மணியாச்சிக்கு வருவோம். ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டவர். மணியாச்சியில், தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக அவர்களது பெட்டி காத்திருந்தது. அங்கே சுட்டுவிட்டு, அதே துப்பாக்கியால் வாஞ்சிநாதன் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். கைப்பற்றப்பட்டது பெல்ஜியப் பிரௌனிங். பிரௌனிங் தானியங்கிகள் இந்திய விடுதலை வரலாற்றில் அதற்கு முன்பே இடம்பிடித்தவை. 1909-இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய இருபது பிரௌனிங்குகளில் ஒன்றால் அந்த ஆண்டு டிசம்பர் 21-இல் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் சுடப்பட்டார். லண்டன் இந்தியா ஹவுசில் சாவர்க்கரோடு இருந்த வ.வே.சு. ஐயர் 1910-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வாஞ்சிநாதன் அங்கே துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்.

‘பிரௌனிங்’ என்ற பெயரால் மட்டும் ஒரு துப்பாக்கி பெல்ஜியத்துடையது ஆகிவிடாது. அதே பிரௌனிங்கின் வடிவங்களை அமெரிக்காவின் கோல்ட் நிறுவனமும் செய்தது. கோல்ட் துப்பாக்கியில் அந்த நிறுவனத்தின் பெயரும் அமெரிக்க உரிமத் தேதிகளும் இருக்கும். லியேஜ் முத்திரைகள் இரா. எஃப்.என். 1900 மாதிரியில் ஆலையின் பெயர், ஹெர்ஸ்டால், லியேஜ் என்ற ஊர்கள், பிரௌனிங் உரிமம் என்ற வாசகம், பிரெஞ்சு உரிமச் சுருக்கம் ஆகியவை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கைப்பிடித் தகட்டில் அந்தத் துப்பாக்கியின் உருவமும் எஃப்.என். எழுத்துகளும் வார்க்கப்பட்டிருக்கும். குழலிலும் சட்டத்திலும் கிரீடம் வைத்த நீள்வட்டம், நட்சத்திர எழுத்து, சிங்கம் ஆகியவை நிற்கும். 1911-க்கு முந்தைய துப்பாக்கியில் 1922-இல் தொடங்கிய ஆண்டு எழுத்து இருக்க வழியில்லை. வாஞ்சிநாதன் காலத்துத் துப்பாக்கி என்று சொல்லி எவரேனும் ஒன்றைக் காட்டினால், அதைச் சரிபார்க்க இந்த நான்கைந்து அடையாளங்களே போதும். விடுதலை வரலாற்றின் பெயரால் பொய்யான பொருள் புகாமல் இருக்க இந்தச் சரிபார்ப்பு கட்டாயம் தேவை.

பெயரும் பிறப்பிடமும் வேறு என்பதற்கு இந்தியப் படையின் 9 மி.மீ. தானியங்கியும் சான்று. அதன் வடிவம் எஃப்.என். 1935-இல் கொண்டுவந்த ‘ஹை பவர்’ மாதிரியிலிருந்து வந்தது. செய்ததோ வங்காளத்தின் இஷாப்பூர் ஆயுத ஆலை. பெல்ஜிய மரபு அதன் வடிவில் இருக்கிறது. லியேஜ் முத்திரை அதில் இல்லை.

பார்க்கும் வரிசையும் பாதுகாப்பும்

ஆய்வைத் தொடங்குமுன் துப்பாக்கியில் தோட்டாவோ மருந்தோ இல்லை என்பதை உரிமம் பெற்ற ஆயுதப் பணியாளரைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும். நூறாண்டு கடந்த கெட்டிப்பு மருந்தும் வெடிக்கும். அடுத்து, உருப்பெருக்கியும் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சமும் வேண்டும்; நேர் வெளிச்சத்தில் தெரியாத தேய்ந்த முத்திரை சாய்வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். குழலின் அடி, உருளையின் பின்முகம், சட்டத்தின் இடப்பக்கம், கைப்பிடித் தகட்டின் உட்புறம் என்று வரிசையாகப் பார்த்து, கண்ட ஒவ்வொன்றையும் இருந்த இடத்தோடு வரைந்து வைக்க வேண்டும். சோதனை முத்திரை, கண்காணிப்பாளர் எழுத்து, தயாரிப்பாளர் சின்னம், கடைப் பெயர், வரிசை எண் என்ற ஒழுங்கில் அவற்றைப் படிக்க வேண்டும்.

பழைய இரும்பை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது அந்தத் துப்பாக்கிக்குச் செய்யும் பெரிய கேடு. மெல்லிய எண்ணெய் தடவி மென்துணியால் துடைத்தாலே போதும். தேய்ந்து போன ஒரு கிரீடம் கால்நூற்றாண்டுக் கணக்கைக் கெடுத்துவிடும்; அது மீண்டும் வராது.

சட்டத்தின் நிலையும் தெளிவாக இருக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த, அல்லது தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதடைந்த ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடுகலனாகப் பயன்படுத்த முடியாது என்பது நிபந்தனை. சுடும் நிலையில் உள்ள 1900 மாதிரி பிரௌனிங், நூற்றாண்டு கடந்ததாயினும், உரிமம் தேவைப்படும் ஆயுதமே. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரும். அவற்றை உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பரம்பரையாக வந்த கைத்துப்பாக்கி ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தால், காவல்துறைக்குத் தெரிவித்து, அருங்காட்சியக வல்லுநர் பார்க்க வழிசெய்வதே முறை. பொருளோடு அது வந்த கதையையும் எழுதி வைப்பது நல்லது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற குடும்பக் குறிப்பு, எந்த முத்திரையும் சொல்லாத செய்தியைச் சொல்லும்.